திரும்பி வந்த வணக்கம்

ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த மாலை வேளை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சில் அமர்ந்து ஏடு புரட்டிக்கொண்டிருந்தேன். என்னிலும் பத்து வயது மூத்த ஆலைத் தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளாக இரும்போடு மல்லுக்கட்டும் பிட்டர் அவர். சங்கக் கூட்டம் என்றால் முதல் வரிசை, ஊர்வலம் என்றால் கொடி பிடிக்கும் கை. அன்று அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"தம்பி, நீதான் எழுதுற ஆளாச்சே, இதைக் கேளு" என்றார்.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் சொன்னது இதுதான். அவருடைய ஆலைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. அதைப் பொருத்திக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். முதல் நாள் காலை. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார் ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் அம்மா. பெரிய மனிதர் கூட்டமாக வருகிறார்களே என்று துடைப்பத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். அதிகாரிகள் வழக்கம்போல் கடந்து போனார்கள். ஜப்பானியர் மட்டும் நின்றார். அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு உள்ளே போனார்.

"அந்த அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா தம்பி? தனக்குப் பின்னால யாரோ பெரிய மனுஷன் நிக்கிறான் போலன்னு திரும்பிப் பார்த்தாங்க. யாருமே இல்ல. அப்புறம் என்கிட்ட ஓடி வந்து, 'அண்ணே, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா'ன்னு கேட்டாங்க."

கடையிலிருந்தோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எட்டு வருஷமா அந்த வாசலைக் கூட்டுறாங்க. அன்னிக்குத்தான் எனக்கே உறைச்சுது. அவங்க பேரு எனக்குத் தெரியாது."

தோழர்களே! வணக்கம் கிடைத்தால் மகிழவேண்டிய ஒரு தாய், குற்றம் செய்துவிட்டோமோ என்று நடுங்குகிறார் என்றால், அந்த நடுக்கத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? ஜப்பானியரா? இல்லை. நாம்! நம் ஊர்! நம் தெரு! ஆயிரமாண்டு அடிமைத்தனம் அவர் முதுகெலும்பிலே எழுதி வைத்த பாடம் அது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜப்பான் நமக்கு எட்டாத தூரத்து நாடல்ல. இராயபுரத்தானும் தண்டையார்ப்பேட்டையானும் எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973ல் வெளிவந்தபோது, ஒசாகாவிலே 1970ல் நடந்த உலகப் பொருட்காட்சியைத் திரையிலே கண்டு வாய் பிளந்தவர்கள். எண்ணூரில் வேர்விட்ட அசோக் லேலண்டுக்கு 1980களில் எஞ்சின் நுட்பம் ஜப்பானின் ஹினோவிடமிருந்து வந்தது. 2010ல் தொடங்கி ஒரகடத்திலே உருவான நிஸ்ஸான் கார்கள் எண்ணூர்த் துறைமுகத்திலே கப்பலேறின. மணலி - எண்ணூர் வட்டாரத்தில் தோஷிபாவும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமமும் சேர்ந்து அமைத்த டர்பைன் ஆலை 2012ல் திறக்கப்பட்டது. சென்னை மெட்ரோவின் முதற்கட்டத்துக்குக் கடன் தந்தது ஜப்பானின் ஜைக்கா. அவர்கள் பணம் வந்திருக்கிறது. இயந்திரம் வந்திருக்கிறது. கூடவே அவர்களுடைய வணக்கமும் வந்திருக்கிறது. பணத்தையும் இயந்திரத்தையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்ட நாம், வணக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அந்த நாட்டுக்குப் போய்வந்த நண்பர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே குனிவதிலும் கணக்குண்டு. வழியிலே கண்டால் 15 பாகை, வாடிக்கையாளரைக் கண்டால் 30 பாகை, மன்னிப்புக் கேட்கவோ ஆழ்ந்த நன்றி சொல்லவோ 45 பாகை என்று, கடைகளிலும் அலுவலகங்களிலும் புதிதாகச் சேருவோருக்குப் பயிற்சியே தருகிறார்கள். பெயரட்டையை இரு கையாலும் நீட்டுவார்கள், இரு கையாலும் வாங்குவார்கள், வாங்கியதை உடனே சட்டைப்பையில் திணிக்காமல் ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள். பெயரென்பது மனிதன், அதைக் கசக்கக் கூடாது என்ற எண்ணம்! ரயிலிலே கைப்பேசியில் கத்திப் பேசமாட்டார்கள். பரிமாறியவருக்குக் காசு வைத்தால், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று துரத்திக்கொண்டு வந்து திருப்பித் தருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் படிக்கும் வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைப்பார்கள். உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்கப் போன ஜப்பானிய ரசிகர்கள், ஆட்டம் முடிந்ததும் அரங்கிலே கிடந்த குப்பையைப் பொறுக்கிக் கட்டிவைத்துவிட்டுப் போனதை உலகமே படமெடுத்துப் போட்டது.

புதிதாகப் போகிறவன் திணறித்தான் போகிறான். சோற்றுக் கிண்ணத்திலே உண்ணும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைத்தான் ஒருவன். பக்கத்திலிருந்தவர் முகம் கறுத்தது. ஏன்? செத்தவருக்குப் படைக்கும் சோற்றிலேதான் அங்கே அப்படிக் குத்துவார்கள். நம் வீட்டு விருந்திலே ஒருவன் வாய்க்கரிசி போடுவதுபோல் கையை வைத்தால் நமக்கு எப்படியிருக்கும்? அப்படி! இன்னொருவன் எதைக் கேட்டாலும் எதிரே இருப்பவர் "ஹை, ஹை" என்கிறாரே, காரியம் பழம் என்று மகிழ்ந்து ஊர் திரும்பினான். காரியம் நடக்கவில்லை. "ஹை" என்றால் "ஆம்" என்றும் பொருளுண்டு; "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்" என்றும் பொருளுண்டு. அவனுக்கு இரண்டாவதுதான் கிடைத்திருக்கிறது! அதற்காக அவர்களைக் குறை சொல்லவேண்டாம். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அது ஆமா இல்லையா என்று புரியாமல் அந்த ஜப்பானியப் பொறியாளரும் நம்மிடம் திணறத்தானே செய்கிறார்!

வாசலிலே செருப்பைக் கழற்றுவது, பொருளை இரு கையால் கொடுப்பது, வந்தவரை உட்காரவைத்து உபசரிப்பது எல்லாம் நமக்குப் புதிதா? வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம், இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம், பண்புடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்த நாடல்லவா இது? பண்பு நமக்கும் உண்டு தோழர்களே. அந்தப் பண்பு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று நாம் வைத்த கணக்கிலேதான் வந்தது கேடு.

செருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலே வீட்டுக்குள் நுழையும்போது முதலாளியும் கழற்றுகிறான், தொழிலாளியும் கழற்றுகிறான். அது சுத்தம். நம் நாட்டுச் சிற்றூர்களிலே, மேல்சாதி என்று சொல்லிக்கொண்டோர் தெருவழியே போகும்போது மட்டும், ஒருசாராரின் செருப்பு காலிலிருந்து கைக்கு ஏறவேண்டும். தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும். அது சுத்தமா? கழற்றுவது ஒன்றுதான். எல்லாரும் கழற்றினால் ஒழுக்கம். ஒருவன் மட்டும் கழற்றவேண்டுமென்றால் அடிமைத்தனம்!

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலே தேநீர் அருந்துவதையே ஒரு கலையாக வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டிலே சென் நோ ரிக்கியு என்றொரு தேநீர் ஆசான் இருந்தார். அவர் வழிவந்த தேநீர்க் குடிலின் வாயில் மிகச் சிறியது. உள்ளே போகவேண்டுமானால் யாரும் குனிந்து, தவழ்ந்துதான் நுழையவேண்டும். வாளேந்திய வீரனும் தன் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். உள்ளே போனபின், கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலந்து, ஒருவர் பருகித் துடைத்து அடுத்தவரிடம் கொடுக்க, அனைவரும் அதே கிண்ணத்திலே பருகுவார்கள். ஒரே கிண்ணம்! இங்கே நம் தேநீர்க் கடைகளிலே இருந்ததென்ன? இரட்டைக் குவளை! ஒருவனுக்குக் கண்ணாடி, ஒருவனுக்குத் தகரம். ஒருவனுக்கு பெஞ்சு, ஒருவனுக்கு மண்தரை. அங்கே தேநீர் வாளை வெளியே நிறுத்தியது. இங்கே தேநீர் மனிதனையே வெளியே நிறுத்தியது! சட்டம் தடுத்தும், இயக்கம் இடித்துரைத்தும், சில ஊர்களில் அந்த இழிவு வேறு வேறு உருவிலே தலைகாட்டியது என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

"ஆகா! ஜப்பானைப் பார், அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை தோழர்களே. இக்கரையிலிருந்து பார்த்தால் எக்கரையும் பச்சைதான். அக்கரைக்குப் போய், வேலிக்குள்ளே என்ன விளைகிறது என்றும் பார்க்கவேண்டும். எல்லாரையும் குனியவைத்த அந்தத் தேநீர் ஆசான் என்ன ஆனார்? 1591ல், அந்நாட்டை ஆண்ட ஹிதெயோஷியின் ஆணைப்படி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. குடிலுக்குள்ளே சமத்துவம், குடிலுக்கு வெளியே ஆதிக்கம்!

நம் தமிழர் அந்த வணக்கத்தின் இன்னொரு முகத்தையும் கண்டிருக்கிறார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. மலேயாவும் சிங்கப்பூரும் அவர்கள் ஆட்சிக்கு வந்தன. அந்த ஏப்ரலிலே, ஜப்பானியர் வருகிறார்கள் என்ற அச்சத்தால் சென்னைப் பட்டணமே காலியாகி, மக்கள் மூட்டை முடிச்சோடு ஊர்ப்புறம் ஓடினார்கள். வடசென்னைக் குடும்பங்களின் பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது. இங்கே அச்சம்தான் வந்தது. அங்கேயோ ஆளே வந்துவிட்டான். தெருமுனையில் துப்பாக்கிக் காவலன் நிற்பான். அவனைக் கடக்கும் ஒவ்வொருவரும் குனிந்து வணங்கவேண்டும். குனிய மறந்தால் கன்னத்தில் அறை. குனிந்தது போதவில்லையென்றாலும் அறை. தோட்டத்திலே பால் வெட்டிப் பிழைத்த தமிழன், என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலே அடிவாங்கினான். அதுமட்டுமா? சயாம் - பர்மா ரயில்பாதை போட, 1942லும் 1943லும் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஆயிரமாயிரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவும் பசியும் அடியும் சேர்ந்து பல்லாயிரவரை அந்தக் காட்டிலேயே புதைத்தன. மரணரயில் என்று உலகம் அதற்குப் பெயரிட்டது.

எண்ணிப் பாருங்கள். திருவொற்றியூர் ஆலை வாசலிலே துடைப்பமேந்திய தாயின் முன் குனிந்ததும் ஜப்பானிய முதுகுதான். சிங்கப்பூர்த் தெருமுனையிலே தமிழனைக் குனியச் சொல்லி அறைந்ததும் ஜப்பானியக் கைதான். ஒரே நாடு, ஒரே மரபு. என்ன வேறுபாடு? முதலாவதிலே வணக்கம் போயிற்று, திரும்பவும் வரலாம். இரண்டாவதிலே வணக்கம் போயிற்று, திரும்பி வரவேயில்லை! திரும்பி வரும் வணக்கம் பண்பாடு. திரும்பி வராத வணக்கம் அடிமைத்தனம். இதுதான் உரைகல். எந்த நாட்டுச் சடங்கையும், எந்த மன்றத்து மரியாதையையும் இந்தக் கல்லில் உரைத்துப் பாருங்கள். பொன் எது, பித்தளை எது என்று தெரிந்துவிடும்.

உலகக் களத்திலும் இதே கதைதான். 1919ல் பாரிசில் அமைதி மாநாடு. இனங்களெல்லாம் சமம் என்று உலக நாடுகளின் சங்க உடன்படிக்கையிலே எழுதுங்கள் என்று கேட்டது ஜப்பான். 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தன. ஆனாலும் ஒருமனதாக இல்லையென்று சொல்லித் தலைவராயிருந்த அமெரிக்க அதிபர் வில்சன் தள்ளிவைத்துவிட்டார். வெள்ளையரிடம் மரியாதை கேட்டு நின்றபோது ஜப்பானின் வழக்கு நேர்மையானது. ஆனால் அதே ஜப்பான் 1910லேயே கொரியாவை விழுங்கியிருந்தது. 1940ல் கொரிய மக்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள நெருக்கியது. பெயரட்டையைக் கசக்காமல் வாங்கும் நாடு, ஓர் இனத்தின் பெயரையே கசக்கியது! மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்பது எளிது, கீழே இருப்பவனுக்கு அதைக் கொடுப்பதுதான் கடினம். இது ஜப்பானுக்கு மட்டும் சொன்னதென்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த நாட்டுக்குள்ளேயும் ஒரு சேரி இருந்தது. தோல் பதனிட்டவர், விலங்கை அறுத்தவர், பிணத்துக்கான பணி செய்தவர் என்ற காரணத்தாலே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். புராக்கு மக்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். 1871ல் அரசாணை அந்த இழிபெயரை ஒழித்தது. ஆனால் ஆணையால் ஒழிந்தது ஏட்டில்தான், ஊரிலே அல்ல. எனவே 1922 மார்ச்சில் கியோட்டோ நகரிலே அந்த மக்களே திரண்டு சுய்ஹெய்ஷா என்ற சங்கம் கண்டார்கள். அந்தப் பெயரின் பொருள் என்ன தெரியுமா? தண்ணீர் மட்டம்! மேடு பள்ளமின்றி நிற்கும் நீர்மட்டத்தைப் போல மனிதரும் நிற்கவேண்டும் என்ற பொருள். அதற்கு மூன்றாண்டு கழித்து, 1925ல், இங்கே ஈரோட்டிலே 'குடி அரசு' முழங்கிற்று, சுயமரியாதை இயக்கம் எழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் கேட்டு எழுந்தவர்களல்லர். இழிவு எங்கே உண்டோ அங்கே எழுச்சியும் உண்டு என்பதன்றி வேறென்ன! எத்தனை அழகாகக் குனியக் கற்ற நாடானாலும், புராக்கு மக்களை வேறுபடுத்துவதை ஒழிக்க 2016ல் கூட ஒரு சட்டம் போடவேண்டியிருந்தது என்பதை மறவாதீர்கள்.

இனி ஆலைக்கு வருவோம். உழைக்கும் தோழர்களுக்கு அதுதானே முக்கியம்!

ஜப்பானியர் கூட்டோடு 1983ல் மாருதி கார் வந்தது. மேலாளனும் தொழிலாளியும் ஒரே சீருடை, ஒரே உணவகம், ஒரே வரிசை என்ற வழக்கத்தையும் அங்கே கொண்டுவந்தார்கள். அதிகாரிக்குத் தனிக் கூடம், தொழிலாளிக்குத் தனிக் கொட்டகை என்று பழகிப்போன நாட்டிலே அது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2011ல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் சங்கத்தை ஏற்கவேண்டும், தேநீர் இடைவேளை சில நிமிடங்களே கிடைக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் சம்பளத்திலே மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை என்றனர். 2012 ஜூலையில் அங்கே கலவரம் மூண்டு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். வன்முறையை யார் செய்தாலும் நாம் ஏற்கமாட்டோம். ஆனால் அதிலுள்ள பாடத்தையும் விடமாட்டோம். சட்டை ஒன்றாயிருந்து சம்பளம் வேறாயிருந்தால், அந்தச் சட்டை சமத்துவமல்ல, சாயம்!

ஜப்பானிலே வேலை முடித்துப் போகிறவரிடம் "ஒத்சுகாரெசாமா" என்பார்கள். உழைத்துக் களைத்தீர்களே, நன்றி என்பது அதன் கருத்து. எவ்வளவு இனிய சொல்! நம் ஆலை வாசலிலே, வேலை முடிந்து வரும் தொழிலாளியின் பையைத் துழாவுகிற கையைத்தான் கண்டிருக்கிறோம், இப்படியொரு சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் அந்த இனிய சொல் பிறந்த நாட்டிலேதான் "கரோஷி" என்ற சொல்லும் பிறந்தது. உழைத்து உழைத்தே சாவது என்று பொருள். மேலாளர் எழாமல் கீழுள்ளவன் எழக்கூடாது என்ற மரியாதை, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்ற நாகரிகம் இரண்டும் சேர்ந்து, உழைப்பவனை இரவெல்லாம் நாற்காலியோடு கட்டிப்போட்டன. கடைசியில் சட்டம்தான் கட்டை அவிழ்க்க வந்தது. 2018ல் சட்டம் இயற்றி, கூடுதல் வேலைக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று எல்லை வகுத்தார்கள். தவிர்க்க முடியாத நிலையிலும் ஆண்டுக்கு 720 மணிக்கு மேல் கூடாது என்றார்கள். மேலதிகாரி கீழுள்ளவரை இழிவுபடுத்துவதைத் தடுக்க 2019ல் இன்னொரு சட்டம். குனிந்து வணங்கும் நாட்டுக்கே தொழிலாளியைக் காக்கச் சட்டம் வேண்டியிருந்ததென்றால், நமக்கு வேண்டாமா? மரியாதை முதலாளியின் மனத்திலிருந்து வந்தால் நல்லது. வராவிட்டால் சட்டப் புத்தகத்திலிருந்து வரவேண்டும். அதைக் கொண்டுவருவது சங்கம்!

நம் நாட்டிலும் அப்படித்தான் வந்தது. 1918 ஏப்ரலில் இதே வடசென்னையின் பெரம்பூரிலே, பி அண்ட் சி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, முதற்கோரிக்கைகளிலே ஒன்று சோறு உண்ண இன்னும் சில நிமிடம் வேண்டும் என்பது. அள்ளி விழுங்காமல் அமர்ந்து உண்ண நேரம் கேட்டதும் மரியாதைக்கான போராட்டம்தானே! 2021ல் தமிழ்நாடு சட்டப் பேரவை, கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்தது. நாளெல்லாம் நின்று கால் வீங்கிய துணிக்கடைப் பெண்ணுக்கு, "உட்காரம்மா" என்று சொன்ன சட்டம் அது. அதைவிட இனிய உபசாரம் எந்த நாட்டிலே உண்டு!

வரிசையில் நிற்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். "ஜப்பானியன் எப்படி வரிசையில் நிற்கிறான் பார், நம்மவன் முண்டியடிக்கிறான்" என்று மெத்தப் படித்தவர் ஏளனம் பேசுவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலைக்கு அவர்களை அழைத்து வாருங்கள். துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கிலே, மைல்கணக்கிலே நின்றிருக்கின்றன கன்டெய்னர் லாரிகள். அந்த ஓட்டுநர்களைவிடப் பொறுமையாக வரிசையில் நின்றவர் உலகில் யார்? குடிக்கத் தண்ணீரில்லை, ஒதுங்க இடமில்லை, ஆனாலும் நின்றார்கள். வரிசையில் நின்றால் முறை வரும் என்ற நம்பிக்கை உள்ளவன் நிற்பான். முறை வருமுன் சரக்கு தீர்ந்துவிடும் என்று பட்டுத் தெரிந்தவன் முண்டுவான். அவன் நாகரிகத்தைக் குறை சொல்லுமுன், அவனை ஏமாற்றிய ஏற்பாட்டைக் குறை சொல்லுங்கள்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பிறர் முதுகைப் பற்றி இவ்வளவு பேசினோமே, நம் முதுகு எப்படி இருக்கிறது?

நாம் சொற்களை மாற்றிக் காட்டிய இயக்கத்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாட்டிலே சாதிப் பட்டங்களை உதறுவோம் என்று முடிவு செய்தோம். பெயருக்குப் பின்னே தொங்கிய வாலை அறுத்தெறிந்தோம். அந்தத் துணிவு இந்தியத் துணைக்கண்டத்தில் வேறெங்கே இவ்வளவு பரவிற்று? மேடைதோறும் 'வணக்கம்' ஒலிக்கச் செய்தோம். ஒருவருக்கொருவர் 'தோழர்' என்றழைத்தோம். 1967ல் அண்ணா அமைச்சரவை 'ஸ்ரீ'யை அகற்றித் 'திரு'வை அமர்த்திற்று. ஜப்பானியன் எல்லார் பெயரோடும் 'சான்' சேர்ப்பதைப் போல, ஆண்டிக்கும் அரசனுக்கும் ஒரே 'திரு' தந்தோம்.

தந்தோம், சரி. கொடுத்தோமா? தபால் உறையிலே 'திரு' எழுதுகிறோம். அந்தத் தெருவைக் கூட்டும் தோழரைக் கண்டால் 'டேய்' என்கிறோமே! வயதிலே தந்தையைப் போன்றவரை, கையிலே துடைப்பம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் 'வாடா போடா' என்கிறானே பத்து வயதுப் பையன், அவனுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? மலக்குழியிலே மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மூச்சுத் திணறிச் செத்தவர்களின் செய்தியை இதே ஏட்டில் படித்தோம். பெயர் தெரியாதவனைத்தான் குழியிலே இறக்க மனம் வரும் தோழர்களே. பெயர் தெரிந்தவனை, பிள்ளைகள் எத்தனை என்று தெரிந்தவனை, அத்தனை எளிதாக இறக்கிவிட முடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கசக்கும், ஆனாலும் சொல்லவேண்டும். நம் மேடைகளிலே தலைவர் காலில் விழுகிறானே தொண்டன், அது என்ன? அந்தத் தலைவர் பதிலுக்கு அவன் காலில் விழுவாரா? மாட்டார். ஆக, அது திரும்பி வராத வணக்கம். உரைகல்லிலே உரைத்துப் பார்த்துவிட்டோமே, பித்தளை! சுயமரியாதை என்ற சொல்லைக் கொடியிலே ஏந்தி, காலடியிலே போடலாமா? கைகூப்பி 'வணக்கம்' சொல்லுங்கள். அவரும் கைகூப்பட்டும். இருவர் முதுகும் நேராக இருக்கும். அதுவே தலைவருக்கும் பெருமை, தொண்டனுக்கும் பெருமை.

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இனி ஜப்பானுக்கே வேலைக்குப் போவார்கள். திறன்பெற்ற தொழிலாளரை அனுப்ப 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் உடன்பாடு செய்துகொண்டன. போகிற பிள்ளைக்கு இரண்டு பாடம் சொல்லியனுப்புங்கள். ஒன்று, அந்த ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொள். செருப்பைக் கழற்று, சத்தம் போடாதே, நேரம் தவறாதே, குனிந்து வணங்கினால் குனிந்து வணங்கு. அதனால் நீ குறைந்துபோக மாட்டாய். இரண்டு, "ஹை" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடாதே. 1993ல் ஜப்பான் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தில் போன வெளிநாட்டு இளைஞர் பலர், தரகருக்குக் கடன்பட்டு, முதலாளியை மாற்ற வழியின்றித் தவித்தனர். குறைகள் மலிந்ததால் அதை நீக்கி வேறு திட்டம் கொண்டுவர 2024 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றமே சட்டம் செய்தது. எனவே கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படி. கடவுச்சீட்டு உன் கையில் இருக்கட்டும். முதுகு வளையலாம், உரிமை வளையக் கூடாது.

தேநீர்க் கடையில் சொன்ன கதையை முடித்துவிடுகிறேன். மறுவாரம் அதே பிட்டர் தோழர் வந்தார். "பேரைக் கேட்டுட்டேன் தம்பி" என்றார். எட்டாண்டாகத் தெரியாத பெயர். சங்கத்திலே உறுப்பினராகச் சேரச் சொல்லி விண்ணப்பத் தாளும் கொடுத்தாராம். ஒப்பந்தத் தொழிலாளியைச் சேர்க்கலாமா என்று சங்கத்திலே சிலர் இழுத்திருக்கிறார்கள். "வணக்கம் வைக்கத் தெரிஞ்சவனுக்குச் சந்தாச் சீட்டு எழுதத் தெரியாதா" என்று கேட்டிருக்கிறார் அவர். வழக்கு இன்னும் முடியவில்லை.

அன்றிரவு நான் எங்கள் படிப்பகத்துக்குப் போனேன். விடியுமுன் வந்து அதன் வாசலைக் கூட்டிவிட்டுப் போகும் ஒருவர் உண்டு. சமத்துவத்தைப் பற்றி அந்தப் படிப்பகத்திலே நான் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. அவர் பெயர் எனக்கும் தெரியாது! வெட்கத்தோடு எழுதுகிறேன். மறுநாள் விடியலில் எழுந்து போய்க் காத்திருந்தேன். "வணக்கங்க" என்றேன். அவரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

தோழர்களே! நாளைக் காலை உங்கள் ஆலை வாசலிலும், உங்கள் தெருமுனையிலும், உங்கள் கழக மன்றத்துப் படியிலும் ஒருவர் கூட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் முதலில் வணக்கம் சொல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். 'நீங்க' என்றழையுங்கள். அவர் கூலியைப் பற்றிக் கேளுங்கள். சங்கத்திலே இடம் கொடுங்கள். அவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல், நிமிர்ந்து நின்று, உங்களுக்குப் பதில் வணக்கம் சொல்லும் நாள் எந்நாளோ, அந்நாளே நம் கொள்கை தெருவுக்கு வந்த நாள்.

வணக்கம்!